ஓடும் ரயிலில் வீடியோ: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடலூர் துறைமுகம் சந்திப்பை விட்டுக் கிளம்பும் ரயில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகச் சிதம்பரம் சேர்கிறது. வழியில் வயல், உப்பங்கழி, வெள்ளாற்றுப் பாலம் என்று நிலம் மாறிக்கொண்டே வருகிறது. பயணியின் கையிலுள்ள கைப்பேசியும் ஒரு டவரை விட்டு அடுத்த டவருக்கு மாறிக்கொண்டே போகிறது. அது அடுத்து எந்த டவரின் எல்லைக்குள் நுழையும் என்பதை முன்கூட்டியே கணித்து, வீடியோவையும் அலைவரிசையையும் அதற்கேற்பப் பங்கிடும் முறைதான் இடக்கணிப்பு. இதைச் சுற்றிச் சில தவறான நம்பிக்கைகள் நிலவுகின்றன.

நம்பிக்கை 1: சிக்னல் கோடு முழுதாக இருந்தால் வீடியோ நிற்காது.

உண்மை: அந்தக் கோடுகள் டவரிலிருந்து வரும் அலையின் வலிமையை மட்டுமே காட்டுகின்றன. ஒரு டவரின் கொள்ளளவை அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கூட்டமான ரயில் நிலையத்தில் நிற்கும்போது கோடுகள் நிறைந்திருந்தும் திரையில் காத்திருப்பு வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். கோடு குறைந்த இடத்திலும், ஏற்கெனவே இறக்கி வைத்த பகுதி கைவசம் இருக்கும்வரை படம் தடையின்றி ஓடும்.

நம்பிக்கை 2: வேகத்துக்கு ஏற்பத் தரத்தைச் செயலியே மாற்றிக்கொள்வதால் கணிப்பு தேவையில்லை.

உண்மை: இன்றைய செயலிகள் வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, பல தரங்களில் வைத்திருக்கின்றன. அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்பதைப் பெரும்பாலும் கடந்த சில விநாடிகளின் வேகத்தையும் கையிருப்பையும் பார்த்தே முடிவு செய்கின்றன. முன்னால் ஒரு நிமிடம் சிக்னல் இல்லாத பகுதி வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் படத்துக்கு அந்த நிமிடத்தைக் கடக்க 7.5 மெகாபைட் கையிருப்பு வேண்டும். விநாடிக்கு 6 மெகாபிட் கிடைக்கும் இடத்தில் அந்த அளவை 10 விநாடியில் இறக்கிவிடலாம். ஆனால் வருவது தெரிந்தால்தான் சேர்க்க முடியும். நார்வேயில் ஹாக்கன் ரீசர் குழுவினர் ஆஸ்லோ நகரின் டிராம், மெட்ரோ, பேருந்து, படகுப் பாதைகளில் இடத்துக்கு இடம் கிடைத்த வேகத்தை அளந்து பதிந்தனர். அந்தப் பதிவைக் கொண்டு தரத்தை முன்கூட்டித் திட்டமிட்டபோது தடங்கல் குறைந்து, தரமும் சீரானது என்று 2012இல் வெளியிட்டனர்.

நம்பிக்கை 3: மனிதர் எங்கே போவார் என்று கணிக்கவே முடியாது.

உண்மை: 50,000 கைப்பேசிப் பயனர்களின் நடமாட்டத்தை ஆராய்ந்து 2010இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை, அதில் 93 சதவீதம் வரை கணிக்கத்தக்கது என்று காட்டியது. இது எட்டக்கூடிய உச்சவரம்பு. எல்லாக் கணிப்பும் அந்த அளவுக்குச் சரியாக அமையும் என்று பொருளில்லை. ஆனால் ரயில் பயணம் இதில் மிக எளிதானது. புதுச்சத்திரம் தாண்டிய தென்திசை ரயில் அடுத்து பரங்கிப்பேட்டைக்குத்தான் வரும். எப்போது வரும் என்பது மட்டுமே கேள்வி.

நம்பிக்கை 4: கைப்பேசியில் ஜிபிஎஸ் அணைந்திருந்தால் இடம் தெரியாது.

உண்மை: பேச்சோ டேட்டாவோ ஓடும்போது அந்தக் கைப்பேசி எந்த டவரில் இருக்கிறது என்பது வலையமைப்புக்குத் தெரிந்தே ஆகவேண்டும். சுற்றியுள்ள டவர்களின் வலிமையைக் கைப்பேசியே அளந்து சொல்கிறது. கடந்து வந்த டவர்களின் வரிசையே கணிப்புக்குப் போதும். 5ஜி தரநிலையின் 16ஆம் வெளியீடு, பயனர் நடமாட்டத்தைப் பகுப்பாய்வு செய்ய இடம் தருகிறது. அடுத்த டவரை முன்பே தயார் செய்துவைத்து, உரிய நிலை வந்ததும் கைப்பேசி தானே மாறிக்கொள்ளும் ஏற்பாடும் அதில் உண்டு.

நம்பிக்கை 5: இதனால் பயன் வீடியோ பார்ப்பவருக்கு மட்டுமே.

உண்மை: 4ஜியில் சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் அலையில் அனுப்பும் ஒரு குறியீட்டில் 6 பிட் அனுப்ப முடியும், எல்லையோரத்தில் 2 பிட்தான். அதே காட்சியை ஓரத்தில் அனுப்ப மூன்று மடங்குக்குக் குறையாத அலைவளம் செலவாகும். டவருக்கு அருகில் இருக்கும்போதே அனுப்பிவிட்டால், மிச்சமாகும் வளம் அதே டவரில் உள்ள மற்றவர்களுக்கும் கிடைக்கும்.

நம்பிக்கை 6: கணிப்பு வந்துவிட்டால் புது டவர் வேண்டாம், இதில் தீங்கும் இல்லை.

உண்மை: கணிப்பு புதிய கொள்ளளவை உருவாக்காது, இருப்பதை நேரம் பார்த்துப் பங்கிடுகிறது. நீண்ட தூரம் சிக்னலே இல்லையென்றால் அங்கே டவர்தான் தீர்வு. பயணி பாதியில் வீடியோவை நிறுத்திவிட்டால், முன்கூட்டி இறக்கிய டேட்டா வீண். இவற்றைவிடக் கவனமாகக் கையாள வேண்டியது தனியுரிமை. 15 லட்சம் பேரின் கைப்பேசிப் பதிவுகளை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகளே 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணப் போதுமானவையாக இருந்தன. பெயரை நீக்கினால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று. இந்தியாவில் 2023இல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஒரு பாதையில் எங்கெங்கே எவ்வளவு வேகம் கிடைக்கிறது என்பதைப் பதிய, யார் பயணம் செய்தார் என்ற விவரம் வேண்டியதில்லை. பாதையின் கணக்கை வைத்துக்கொண்டு, ஆளின் கணக்கை அழித்துவிடும் அமைப்பே மக்களின் நம்பிக்கைக்கு உரியது.