மாற்றுத்திறனாளியின் கடன்: மார்க்கமும் சட்டமும் காட்டும் வழி



ஜகாத் மனுக்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மனுவில் தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. "என் ஏ.டி.எம். கார்டை மீட்டுத் தர வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். மனு கொடுத்தவர் பெங்களூரில் பெயிண்டராக இருந்து, சாரத்திலிருந்து விழுந்து ஒரு காலை இழந்த சகோதரர். வருவாய்த்துறை மூலம் மாதம் 1,500 ரூபாய் மாற்றுத்திறனாளி உதவித்தொகை பெறுகிறார். மருத்துவச் செலவுக்காக 40,000 ரூபாய் ஐந்து வட்டிக்கு வாங்கியிருக்கிறார். அதாவது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். மாதம் 2,000 ரூபாய் வட்டி. புரோநோட்டு எழுதிக் கொடுத்ததோடு, கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டார். உதவித்தொகை ஏறிய அன்றே கடன் கொடுத்தவர் 1,500-ஐ எடுத்துக்கொள்வார். மீதி 500-ஐ மனைவி தையல் கூலியிலிருந்து கொடுத்து வந்தார். 22 மாதத்தில் 44,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. அசல் 40,000 அப்படியே நிற்கிறது.

இது ஒரு வீட்டின் கதை என்று நினைத்து நாங்கள் விசாரிக்கத் தொடங்கினோம். கார்டு, வங்கிப் புத்தகம், சில இடங்களில் ரேஷன் கார்டு வரை அடகில் இருக்கும் வீடுகள் நம் தெருக்களிலேயே இன்னும் சில தெரியவந்தன. ஆகவே இம்மாதப் பாடத்தை இதற்கென ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற ஒரு குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து, "கடனை அடையுங்கள்" என்று அனுப்பிவிட்டோம். கடன்காரர் அதை வட்டிப் பாக்கியில் வரவு வைத்துக்கொண்டார். கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பணம் கொடுப்பதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டோம்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? ஜகாத் பெறத் தகுதியானவர்களாக அத்தவ்பா அத்தியாயத்தின் 60-வது வசனம் எட்டு வகையினரைக் குறிப்பிடுகிறது. அவர்களில் கடன்பட்டவர்களும் ஒரு வகையினர். ஏழை, மிஸ்கீன் என்று தனியே சொன்ன பிறகும் கடனாளியை வேறாகக் குறிப்பிட்டதைக் கவனிக்க வேண்டும். சொந்த வீடும் தையல் மெஷினும் இருப்பவர் ஏழையாகத் தெரியமாட்டார். ஆனால் கடனாளியாக இருக்கலாம். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) காலத்தில் இந்தக் கேள்வியே வந்தது. வீடும் பணியாளும் குதிரையும் தட்டுமுட்டுச் சாமான்களும் உள்ளவருடைய கடனை பைத்துல்மாலிலிருந்து அடைக்கலாமா என்று அதிகாரிகள் தயங்கினார்கள். அவை ஒரு மனிதன் வாழத் தேவையானவை, அவரும் கடனாளிதான் என்று கலீஃபா பதில் எழுதியதாக அபூ உபைத் (ரஹ்) அவர்களின் கிதாபுல் அம்வாலில் பதிவாகியுள்ளது. "மூன்று சக்கர ஸ்கூட்டர் வைத்திருக்கிறாரே, அவருக்கு எதற்கு ஜகாத்?" என்று நம் கமிட்டிக் கூட்டங்களில் கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த ஸ்கூட்டர் அவருக்குக் கால்.

முஸ்லிம் நூலில் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி இந்தப் பாடத்தின் மையம். பழங்களை வாங்கிய ஒருவருக்கு நஷ்டம் ஏற்பட்டுக் கடன் பெருகிவிட்டது. நபி (ஸல்) அவர்கள் அவருக்குத் தர்மம் கொடுக்கும்படி மக்களிடம் சொன்னார்கள். மக்கள் கொடுத்தார்கள், ஆனால் அது முழுக்கடனுக்கும் போதவில்லை. உடனே கடன் கொடுத்தவர்களை நோக்கி, கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு எதுவும் இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். இங்கே கடனாளி தன்னிடம் இருப்பதைக் கொடுக்கிறார். சமூகம் தன் பங்கைக் கொடுக்கிறது. கடன் கொடுத்தவரும் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறார். நாம் சாதாரணமாக இரண்டாவதோடு நின்றுவிடுகிறோம்.

கஅப் இப்னு மாலிக் (ரலி) தமக்கு வர வேண்டிய கடனைப் பள்ளிவாசலிலேயே கேட்டுச் சத்தம் உயர்ந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அறையின் திரையை விலக்கி, பாதியைத் தள்ளுபடி செய்யும்படி கஅபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் ஒப்புக்கொண்டதும் மற்றவரிடம், எழுந்து மீதியைக் கட்டிவிடு என்றார்கள். இது புகாரியில் உள்ளது. இன்று மக்கள் நீதிமன்றத்தில் நடக்கும் சமரசத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த நிகழ்ச்சி நன்றாகப் புரியும்.

அல்பகரா 280-வது வசனம், சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், முடிந்தால் தர்மமாக விட்டுவிடவும் சொல்கிறது. நம் ஜமாஅத்தில் வட்டியில்லாக் கைமாற்றுக் கொடுத்திருப்பவர்களுக்கு ஒரு மஸ்அலா: ஏழைக் கடனாளிக்குக் கொடுத்த கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு, அதையே தம் ஜகாத்தில் கழித்துக்கொள்வது ஹனஃபி மத்ஹபின்படி செல்லாது. ஜகாத்தை அவர் கையில் உடைமையாகக் கொடுத்த பிறகு, அவர் தன் விருப்பப்படி அதிலிருந்து கடனை அடைத்தால் ஆகும். சந்தேகம் உள்ளவர்கள் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

இனி சட்டம். தமிழ்நாட்டில் 1957-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டத்தின் கீழ் அரசு நிர்ணயித்துள்ள வட்டி, ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம்; ஈடுள்ள கடனுக்கு 9 சதவீதம். ஐந்து வட்டி என்பது ஆண்டுக்கு 60 சதவீதம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் குற்றமாக்கியது. அதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதே சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு வழியும் இருக்கிறது. சட்டப்படியான வட்டியோடு சேர வேண்டிய தொகையைக் கடனாளி நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரலாம். 2025-ல் வந்த சட்டம், வீட்டு வாசலில் வந்து நிற்பது, பின்தொடர்வது, மிரட்டுவது, ஆவணங்களையும் உடைமைகளையும் பறிப்பது போன்ற வலுக்கட்டாய வசூலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டையும் வைத்திருக்கிறது.

இதை வைத்து அந்தச் சகோதரரின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். 40,000 ரூபாய்க்கு 12 சதவீதம் என்றால் மாதம் 400. 22 மாதத்துக்கு 8,800. அசலும் வட்டியும் சேர்ந்து 48,800. கட்டியது 44,000. சட்டப்படி பாக்கி 4,800 ரூபாய்தான். மார்க்கப்படி பார்த்தால் அசல் போக 4,000 கூடுதலாகவே போய்விட்டது.

இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, ஜமாஅத் பெரியவர்கள் இருவரையும் ஒரு வழக்கறிஞரையும் அழைத்துக்கொண்டு கடன் கொடுத்தவரிடம் போனோம். முதல் நாள் பேச்சு நன்றாக இல்லை. மூன்றாம் முறை உட்கார்ந்தபோது 6,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். புரோநோட்டு, கையெழுத்து மட்டும் போட்டிருந்த ஒரு காசோலை, கார்டு மூன்றும் திரும்பி வந்தன. கடன் தீர்ந்ததற்கு எழுத்தில் ரசீதும் வாங்கினோம். 6,000-ஐ ஜகாத் நிதியிலிருந்து எடுக்கவில்லை. அது வட்டிக்குப் போகும் பணம் என்பதால், ஆலிமிடம் கேட்டுப் பொதுத் தர்ம நிதியிலிருந்து கொடுத்தோம். கார்டை அன்றே வங்கியில் முடக்கிப் புதியது வாங்கச் சொன்னோம். எண் தெரிந்தவர் கையில் இருந்த கார்டு திரும்பி வந்தாலும் பழைய கார்டுதானே.

எல்லா வீட்டிலும் இவ்வளவு சுலபமாக முடியாது. அந்த இடத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தருமபுரி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு இயங்குகிறது. தொலைபேசி உதவி எண் 15100. வங்கிக் கடன் பாக்கியாக இருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் வட்டியைக் குறைத்து ஒரே தவணையாகவோ பல தவணையாகவோ முடித்துக்கொள்ளலாம். அதற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை.

மகளிர் குழுக்கடன் வேறு விஷயம். அதில் பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள்தான் இருக்கின்றன. 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்கு வரக் கூடாது. கணவருக்கு விபத்து நேர்ந்து வருமானம் குறைந்துவிட்டால், அதை எழுத்தில் கொடுத்துத் தவணையை மாற்றக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம், எண் 14448. குழுவில் உள்ள மற்ற பெண்கள் வந்து திட்டுவதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. அங்கே நம் பெண்கள்தான் ஒருவருக்கொருவர் அவகாசம் கொடுக்க வேண்டும்.

"மஞ்சள் கடுதாசி" கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம் நம் மாவட்டத்துக்குப் பொருந்தும். சார்பு நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆனால் காலம் இழுக்கும், இருப்பதையெல்லாம் காட்ட வேண்டும். கடைசி வழியாக வைத்துக்கொள்வதே நல்லது. 2016-ஆம் ஆண்டின் புதிய நொடிப்புச் சட்டத்தில், ஆண்டு வருமானம் 60,000-க்கும் கடன் 35,000-க்கும் மிகாத, சொந்த வீடு இல்லாத ஏழைகளின் கடனை முற்றிலும் நீக்கும் பகுதி ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. மாதம் 1,500 பெறுபவருக்கென்றே எழுதியது போலிருக்கும். அதை இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. "தள்ளுபடி வாங்கித் தருகிறேன், இரண்டாயிரம் கொடுங்கள்" என்று வரும் தரகர்களை நம்ப வேண்டாம்.

அந்தச் சகோதரர் இரண்டு ஆண்டு வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் பயம். புகார் செய்தால் உதவித்தொகை நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படி இல்லை. உதவித்தொகைக்குப் பார்ப்பது ஊனத்தின் அளவையும் குடும்ப நிலையையும்தான். கடன் இருப்பதாலோ, சட்ட உதவி கேட்பதாலோ, சமரசம் செய்துகொள்வதாலோ அது நிற்காது. ஜெயிலுக்குப் போக நேரிடும் என்றும் பயந்திருக்கிறார். ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், கட்ட வசதியில்லாத ஒருவரைக் கடனுக்காக மட்டும் சிறையில் அடைக்க முடியாது என்று தெளிவுபடுத்திவிட்டது. வசதி இருந்தும் ஏமாற்றுபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வங்கியே உதவித்தொகையைப் பிடித்துக்கொள்வதும் நடக்கிறது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை முதன்முதலாக வந்தபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதைக் கழித்துக்கொண்டன. அப்படிச் செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்து, 1100 என்ற எண்ணில் புகார் செய்யச் சொன்னார். உதவித்தொகைக்கென்று இருப்புத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கடன் தவணை பிடிக்கும் கணக்கும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டாம்.

நம் மாவட்டத்தில் விபத்தாலும் போலியோவாலும் மட்டுமா உடல் முடங்குகிறது? ஆழ்துளைக் கிணற்றின் ஃபுளோரைடு தண்ணீரைக் குடித்து எலும்பு வளைந்தவர்கள் எத்தனை பேர்! 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்த பிறகு பிள்ளைகள் தப்பித்தார்கள். முதியவர்களுக்கு வந்தது வந்ததுதான். அவர்களில் இன்னும் மருத்துவச் சான்று வாங்காதவர்கள் இருக்கிறார்கள். சான்றும் அடையாள அட்டையும் இருந்தால் உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம். கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் 2,000 ரூபாய்ப் பராமரிப்புத் தொகையும் உண்டு.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடியதற்கு, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறுகிறான் என்று காரணம் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் "அத்தா வீட்டில் இல்லை" என்று சொல்லப் பழகிய பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளை இரண்டாவது முறை அதைச் சொல்வதற்குள் எங்களிடம் வாருங்கள்.

வரும்போது எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கினீர்கள், இதுவரை எவ்வளவு கட்டினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் ஞாபகத்தில் உள்ளதைச் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். வங்கிப் புத்தகத்தில் பதிவு போட்டு வாருங்கள். கார்டில் எடுத்த தொகையும் தேதியும் அதிலேயே இருக்கும், அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலும் வேண்டும். உங்கள் பெயர் ஜும்ஆவில் அறிவிக்கப்படாது, கமிட்டியில் மூவருக்கு மேல் யாருக்கும் தெரியாது. இஷாவுக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். படி ஏற முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினால் போதும், நாங்கள் வீட்டுக்கு வருகிறோம்.