வீட்டுக் காப்பீட்டில் விடுபட்ட நாட்கள்

காப்பீடு என்றவுடன் நம் இல்லங்களில் பெரும்பாலோர்க்கு நினைவிற்கு வருவது ஆயுள் காப்பீடேயாகும். தலைமுறைகளாக அதனோடு பழகிய நமக்கு, அதன் விதிகளே எல்லாக் காப்பீடுகளுக்கும் பொதுவிதி என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் தவணை தவறினால் ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு 30 நாட்களும், மாதத் தவணைக்கு 15 நாட்களும் சலுகை உண்டு. அந்நாட்களில் காப்பு நீங்குவதில்லை. அதன் பின்னரும் ஐந்தாண்டுகளுக்குள் நிலுவையை வட்டியுடன் செலுத்திப் பாலிசிக்கு மீண்டும் உயிரூட்ட வழியுண்டு.

வீட்டுக் காப்பீடு அத்தகையதன்று. அது குறிப்பிட்ட காலத்திற்குச் செய்துகொள்ளும் ஒப்பந்தம். பாலிசியில் குறிக்கப்பட்ட கடைசி நாள் நள்ளிரவோடு அது முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நாம் செலுத்தும் பணம் பழைய ஒப்பந்தத்தைத் தொடரச் செய்வதில்லை, புதியதொன்றைத் தொடங்குகிறது. இடைப்பட்ட நாட்களில் வீடு காப்பின்றி நின்றது நின்றதே. பேச்சுவழக்கில் ‘புதுப்பித்தல்’ என்கிறோமே தவிர, தாமதமாகச் செய்தால் அது புதுப்பித்தலே அன்று.

இதற்கு அடிப்படை 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு ஆகும். பிரீமியம் முன்கூட்டியே பெறப்படாமல் எந்த நிறுவனமும் இடரை ஏற்கலாகாது என அது விதிக்கிறது. எனவே “நாற்பது ஆண்டு வாடிக்கையாளர், மூன்று நாள் தானே தாமதம்” என்று கிளை மேலாளரிடம் வாதிடுவதில் பயனில்லை. அவர் இரங்கினாலும், முன்தேதியிட்டுப் பாலிசி வழங்க அவருக்கு அதிகாரமில்லை. நினைவூட்டுக் கடிதம் வரவில்லை என்னும் வாதமும் பெரும்பாலும் எடுபடுவதில்லை.

மூன்று நாட்கள் எவ்வளவு பெரியவை என்பதைத் திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பகுதிகளில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு நேர்ந்தது. ஒரு குடும்பத்தின் பாலிசி நவம்பர் 27-ஆம் நாள் முடிந்து, டிசம்பர் 2-ஆம் நாள் பணம் கட்டப்பட்டதெனக் கொள்வோம். அவர்கள் வீட்டுச் சுவர் நவம்பர் 30 இரவு சாய்ந்திருந்தால், அதற்குக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு காசும் வாராது. அப்புயலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் அரசு அறிவித்த நிவாரணம் குடும்ப அட்டை ஒன்றுக்கு 2,000 ரூபாய்; சேதமுற்ற குடிசைக்கு 10,000 ரூபாய். ஒரு சுவரை மீண்டும் எழுப்ப இன்று ஆகும் செலவை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

பாலிசி முடிந்துவிட்டதென்று தெரிய வந்தவுடன், அது மெய்யாகவே முடிந்ததா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இதனைப் பலர் செய்வதில்லை. வங்கியில் வீட்டுக்கடன் பெற்றவர்களாயின், கடன் கொடுக்கும்போதே வங்கி பல ஆண்டுகளுக்கான பாலிசி ஒன்றை எடுத்திருக்கக்கூடும்; கடன் கணக்கு அறிக்கையைப் புரட்டினால் காப்பீட்டுக்கெனப் பிடித்த தொகை தென்படும். காசோலையைத் தபாலில் அனுப்பியிருந்தால், அதைத் தபாலில் சேர்த்த நாளிலிருந்தே இடர் ஏற்கப்படலாம் என மேற்சொன்ன சட்டப்பிரிவே கூறுகிறது. எனவே தபால் ரசீது மிக இன்றியமையாதது. முகவர் பிரீமியத்தைப் பெற்றுக்கொண்டால், விடுமுறை நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அதை நிறுவனத்தில் சேர்த்தல் அவர் கடமை. முகவரிடம் பணம் கொடுத்த நாளுக்குச் சான்று இருந்தால் அதைப் பத்திரப்படுத்துக. ஆயின் காசோலை பணமின்றித் திரும்பினால் நிறுவனத்திற்குப் பொறுப்பில்லை என்பதை 2001-ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. சேதம் பாலிசிக் காலத்திற்குள் நேர்ந்து, அது முடிந்த பின்னர் நாம் அறிய நேர்ந்தால், கோரிக்கை செத்துவிடுவதில்லை. சென்னையில் வாழ்ந்து, ஊரில் பூட்டிய வீடு வைத்திருப்போர்க்கு இது பொருந்தும். சேதம் எப்போது நேர்ந்தது என்பதை அண்டை வீட்டார் கூற்று, கிராம நிர்வாக அலுவலர் சான்று, தேதியுடன் கூடிய புகைப்படம் இவற்றால் நிறுவ வேண்டியிருக்கும். அறிந்த அன்றே நிறுவனத்திற்கு எழுத்தால் தெரிவித்தல் வேண்டும்.

பாலிசி முடிந்தது உறுதியானால், அன்றே புதிய பாலிசிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் ஒரேமாதிரியான வீட்டுப் பாலிசியை அளிக்க வேண்டுமென ஒழுங்குமுறை ஆணையம் பணித்துள்ளது. ஆகவே பழைய நிறுவனம் காலந்தாழ்த்தினால் வேறொன்றை நாடுவதில் தயக்கம் வேண்டா. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், மலைச்சரிவு முதலியன இதில் அடங்கும். கட்டடத்தின் காப்புத் தொகையில் 20 விழுக்காடு, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்பிற்குட்பட்டு, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே சேர்கிறது. 1,000 சதுர அடி வீட்டைக் கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் காப்புத் தொகை 20 லட்சம். பொருள்களுக்கு 4 லட்சம். மனையின் விலையை இதில் சேர்க்கலாகாது. நகைகள் இதில் வாரா. அவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். தனித்து நிகழும் திருட்டும் இதில் அடங்காது. தீ, வெள்ளம் போன்றவை நேர்ந்த ஏழு நாட்களுக்குள் அதனையொட்டி நிகழும் திருட்டு மட்டுமே அடங்கும்.

பணம் கட்டிய கணமே காப்பு தொடங்கிவிட்டதென்று கருதாமல், பாலிசியில் அச்சிட்டுள்ள தொடக்க நாளையும் நேரத்தையும் படித்தறிய வேண்டும். புயல் எச்சரிக்கை வெளியான பின் ஓடினால், நிறுவனம் ஏற்க மறுக்கவும் கூடும்.

விடுபட்ட நாட்களுக்குப் பின் பாலிசி கேட்கும்போது, “இந்நாள்வரை வீட்டிற்குச் சேதமில்லை” என்னும் உறுதிமொழியை நிறுவனம் கேட்பதுண்டு. இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். சேதமிருக்க இல்லையென்று எழுதித் தருமாறு அறிவுரை கூறுவோரும் உளர். அவ்வாறு எழுதினால், பின்னாளில் நேரும் உண்மையான இழப்பிற்கும் பணம் மறுக்கப்பட வழி பிறந்துவிடும். பழைய வெள்ளக்கோட்டையும் புதிய வெள்ளக்கோட்டையும் வேறுபடுத்தத் தேர்ந்த சர்வேயருக்கு நெடுநேரம் ஆகாது. இருக்கும் சேதத்தை உள்ளவாறு எழுதிக் கொடுத்து, அதைப் பழுதுபார்த்த ரசீதுகளையும் முன்பின் எடுத்த படங்களையும் பாலிசியோடு சேர்த்து வைப்பதே தக்கது.

பாலிசி விடுபடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. கடன் அடைந்தவுடன் வங்கி எடுத்த பாலிசியும் முடிந்துபோவதைக் குடும்பத்தார் அறியாதிருத்தல் ஒரு காரணம். பாலிசி தந்தையார் பெயரில் இருந்து, அவர் மறைவிற்குப் பின் கடிதங்கள் பழைய முகவரிக்கே சென்றுகொண்டிருத்தல் மற்றொன்று. உரிமை வாரிசுகளுக்குச் செல்லும்போது எஞ்சிய காலத்திற்குக் காப்பு பொதுவாக நீடிக்கும். ஆனால் அடுத்த பாலிசி வாரிசுகளின் பெயரில்தான் எடுக்கப்பட வேண்டும். கூட்டுக்குடும்ப வீடாயின், யார் கட்டுவது என்பதை அண்ணன் தம்பியர் பேசி முடிவு செய்யாமையால் ஒருவரும் கட்டாமற் போவதை நாம் கண்டிருக்கிறோம். பத்தாண்டு வரை ஒரே பாலிசியாக எடுத்துக்கொள்ளலாம்; ஆண்டுதோறும் காப்புத் தொகை 10 விழுக்காடு உயர்வதும் அதில் ஒரு நன்மை. எனினும் பத்தாண்டு கழித்து வரும் நாளை நினைவிற் கொள்வது ஓராண்டு நாளைக் காட்டிலும் கடினம். முடிவு நாளை வீட்டுவரி ரசீதின் பின்புறத்தில் எழுதி வைக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு; ஆண்டுதோறும் கைக்கு வரும் தாள் அது.

முறையாகப் பணம் செலுத்தியிருந்தும் ‘காலாவதி’ எனக் கூறிக் கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். அங்கும் தீர்வில்லையேல் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கிறார், கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் கிடைத்த ஓராண்டிற்குள் முறையீடு சென்று சேர வேண்டும்.