மூச்சை எண்ணும் ஒரு நிமிடம்

இருமலோடும் சளியோடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பிரிவுக்கு வரும் தாய்மார்கள் முதலில் எதிர்பார்ப்பது ஸ்டெதாஸ்கோப்பை. ஆனால் செவிலியர் அதைத் தொடுவதற்கு முன்பாகக் குழந்தையின் சட்டையை மார்புக்கு மேல் தூக்கச் சொல்கிறார். பிறகு ஒரு முழு நிமிடம் எதுவும் பேசாமல் குழந்தையின் வயிற்றையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். "சிஸ்டர் சும்மா பார்த்துக்கிட்டே இருக்காங்களே" என்று வரிசையில் நிற்பவர்கள் சலித்துக்கொள்வதும் உண்டு. அந்த ஒரு நிமிடத்தில் நடப்பது என்ன என்பதை விளக்கவே இப்பகுதியை எழுதுகின்றோம். ஏனெனில் அதை வீட்டிலேயே செய்யலாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நூறு வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் கிருமி தொற்றி, நீரும் சீழும் தேங்குவதையே நிமோனியா என்கிறோம். அவ்வாறு தேங்கும்போது நுரையீரல் விறைப்பாகிவிடுவதால் குழந்தையால் ஆழமாக மூச்சிழுக்க முடிவதில்லை. ஒவ்வொரு மூச்சிலும் குறைந்துபோன காற்றை ஈடுகட்ட, உடல் மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. காய்ச்சல் ஒரு மருந்தில் தணிந்துவிடும். இருமல் சில கைக்குழந்தைகளிடம் இல்லாமலேகூட இருக்கும். மூச்சின் வேகம் அத்தனை எளிதில் மறைவதில்லை.

இதை முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர், பாப்புவா நியூ கினியில் பணியாற்றிய ஃபிராங்க் ஷான் என்னும் குழந்தை மருத்துவர். எக்ஸ்ரே வசதியற்ற ஊர்களில் எந்தக் குழந்தைக்கு நிமோனியா மருந்து தேவை என்பதைச் சில எளிய அடையாளங்களைக் கொண்டே முடிவு செய்ய இயலுமா என்று 1980களில் அவரும் குழுவினரும் ஆராய்ந்தனர். அதே கேள்வியை நம் மாநிலத்தில் எழுப்பியவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள். அவர்களுடைய ஆய்வு 1988ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 50 முறைக்கு மேலும், ஒரு வயதைக் கடந்த சிறு குழந்தை 40 முறைக்கு மேலும் மூச்சுவிடுவதும், மார்பு உள்வாங்குவதும் நுரையீரல் தொற்றுக்கு நம்பத்தக்க அடையாளங்கள் என்பதை அது காட்டியது. இன்று நம் நாட்டுச் செவிலியர்கள் பயிலும் வரம்பும் ஏறக்குறைய இதுவே. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல். இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும் வரை 50 அல்லது அதற்கு மேல். ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல். இவ்வரம்பைத் தொட்டால் அது வேகமூச்சு. இந்த மூன்று எண்களையும் சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

எண்ணும் முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. குழந்தை அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ணினால் கணக்குத் தவறும். அமைதியாக மடியில் கிடக்கும்போதே எண்ண வேண்டும். வயிறு ஒருமுறை எழும்பித் தாழ்வது ஒரு மூச்சு. வீட்டில் இருவர் இருந்தால் ஆயா கடிகாரத்தைப் பார்க்கட்டும், தாய் எண்ணட்டும். ஒருவரே இரண்டையும் செய்யும்போதுதான் எண்ணிக்கை பிசகுகிறது. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் பெரியவர்களுக்குப் பொருந்தலாம், கைக்குழந்தைக்குப் பொருந்தாது. பச்சிளங்குழந்தை சில வினாடிகள் விரைவாக மூச்சுவிடும், பிறகு சில வினாடிகள் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கும். இது இயல்பே. ஆகவேதான் முழு நிமிடம் எண்ணுகின்றோம். 60 வந்தால் மறுமுறையும் எண்ணுகின்றோம். இரண்டாம் முறையும் 60 வந்தால் அதற்குமேல் வீட்டில் காத்திருக்கக் கூடாது. மூச்சு 20 வினாடிகள் நின்றுபோனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே புறப்படுங்கள்.

எண்ணுவதை இத்தனை வற்புறுத்துவதற்கு நம் பகுதியே காரணம். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் குழந்தைக்கு மூச்சு வாங்கினால் சொல்வதற்கு ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கிறது. கண்டெய்னர் லாரிப் புழுதி, ஆலைப் புகை, அனல்மின் நிலையச் சாம்பல், மார்கழிப் பனி, போகியன்று எரியும் டயர் என்று ஏதேனும் ஒன்று. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011இல் நிறுத்தப்பட்டு எண்ணூருக்கு மாறியது; அதற்கு முன் இராயபுரத்து மொட்டை மாடிகளில் காயப்போட்ட துணியில் கரி படிந்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, மக்கள் மூச்சுத்திணறலோடு வீடுகளை விட்டு ஓடினர். எனவே இங்குள்ள காற்றைக் குறை சொல்பவரை நாங்கள் மறுக்கவில்லை. "இந்த ஏரியா காத்துக்கு எல்லாப் புள்ளைங்களுக்கும் இப்படித்தான்" என்ற சொல்லால் இரண்டு நாள் கழிந்துவிடுகிறதே, அதைத்தான் அஞ்சுகின்றோம். புழுதியால் மூச்சுக்குழல் சுருங்கி இரைப்பு வந்தாலும் சரி, நிமோனியா வந்தாலும் சரி, 50ஐத் தாண்டிய கைக்குழந்தையை அன்றே மருத்துவர் பார்த்தாக வேண்டும். இரண்டில் எது என்பதைப் பிரித்தறிவது எங்கள் வேலை. வாயுக் கசிவு போன்ற நேர்வுகளில், அன்றிரவு நன்றாக இருந்த குழந்தையின் மூச்சை மறுநாளும் எண்ணிப் பாருங்கள். எரிச்சலுற்ற மூச்சுப்பாதை சில மணி நேரம் கழித்தும் வீங்கக்கூடும்.

எண்ணிய பின் மார்பின் கீழ்ப்பகுதியைக் கவனியுங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பு விரிய வேண்டும். அவ்வேளையில் கடைசி விலா எலும்பை ஒட்டிய பகுதி குழிந்து உள்ளே போகுமானால், எண்ணிக்கை எதுவாக இருப்பினும் அது கடும் நோய். மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து அடங்குவதும், மூச்சுவிடும்போது முனகல் கேட்பதும் கைக்குழந்தைகளில் அவ்வாறானவையே. இவற்றோடு எங்கள் செவிலியர் நான்கு கேள்விகள் கேட்பார். குடிக்கிறதா அல்லது மார்பைப் பற்றுகிறதா? குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறதா? வலிப்பு வந்ததா? எழுப்பினால் விழித்துப் பார்க்கிறதா? இவற்றுள் ஒன்றுக்கு விடை கவலை தருவதாக இருந்தாலும் அக்குழந்தை வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வாயிலிலேயே சொல்லிவிடுங்கள்.

இருமல் மருந்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அம்மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். டைஎத்திலீன் கிளைகால் என்னும் நஞ்சு அதில் மிகுதியாக இருந்தது. தமிழக அரசு அக்டோபர் தொடக்கத்தில் அதன் விற்பனையைத் தடை செய்தது. நஞ்சு கலவாத இருமல் மருந்தும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேவையற்றது என்பதே எங்கள் கருத்து. மத்திய சுகாதார அமைச்சகமும் அவ்வாறே அறிவுறுத்தியுள்ளது. அது நிமோனியாவைக் குணப்படுத்தாது. தூக்கத்தை வரவழைத்து, வேகமூச்சைக் கவனிக்கும் வாய்ப்பையும் கெடுத்துவிடும். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு வெதுவெதுப்பான நீரும், அதற்குக் குறைந்த வயதில் அடிக்கடி தாய்ப்பாலும் போதும். மூக்கில் எண்ணெய் விடுவதையும், குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் தயவுசெய்து கைவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும். புகை ஏற்கெனவே வெளியில் போதுமான அளவு இருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

இனிப் பச்சிளங்குழந்தைகளுக்கு வருவோம். இரண்டு மாதம் நிறையாத குழந்தையின் நோய் பெரும்பாலும் ஓசையின்றி வரும். கிருமி இரத்தத்தில் கலந்திருந்தாலும் காய்ச்சல் இல்லாமல், மாறாக உடல் சில்லிட்டுப் போகலாம். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காட்டினாலும் ஆபத்து, 95.9க்குக் கீழே காட்டினாலும் ஆபத்து. "குழந்தை ரொம்பச் சாது, அழுவதே இல்லை" என்று பெருமையாகச் சொல்லப்படும்போது எங்களுக்குச் சற்று அச்சம் தோன்றுவது இதனால்தான். நேற்று வரை நன்றாகக் குடித்த குழந்தை இன்று மார்பைப் பற்றவில்லை என்றால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் அழைத்து வாருங்கள். உரைமருந்து உரைத்துக் கொடுத்துவிட்டு மாலை வரை பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.

மஞ்சள் காமாலை பார்ப்பதற்கும் கண்ணே கருவி, ஆனால் வெளிச்சம் வேண்டும். நம் பகுதியின் குறுகிய சந்துகளில் பகலிலும் விளக்கு எரியும் வீடுகள் பல. மஞ்சள் விளக்கொளியில் எல்லாக் குழந்தையும் மஞ்சளாகவே தெரியும், அல்லது எதுவுமே தெரியாது. பகலில் வாசற்படிக்குக் கொண்டுவந்து, நெற்றியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழிறங்கும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தோன்றினாலும், எந்த நாளிலும் உள்ளங்கை, உள்ளங்காலை எட்டினாலும் அது கடுமையானது. மூளையையும் செவியையும் பாதிக்கக்கூடியது. இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் 1950களில் ஜீன் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை வெயிலில் காட்டுவது வழக்கம். துணி மூடிய இடத்தில் மட்டும் ஒரு குழந்தையின் தோல் மஞ்சளாகவே நின்றதை அவர் மருத்துவர்களுக்குச் சுட்டினார். இன்றைய ஒளிச்சிகிச்சை அந்தக் கூர்நோக்கிலிருந்து பிறந்தது. எங்கள் துறையினர் சற்றுப் பெருமைப்பட்டுக்கொள்ளும் வரலாறு இது. இதைக் கேட்டுவிட்டு வீட்டு மாடி வெயிலையே சிகிச்சையாகக் கொள்ளலாகாது. சிகிச்சைக்கு வேண்டிய நீல ஒளியின் அளவை வெயில் சீராகத் தருவதில்லை; சென்னை வெயிலில் குழந்தை வறண்டுபோவதே மிச்சம்.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. பிறந்த குழந்தையின் மார்பு சற்று வீங்கிப் பால் போலக் கசிவது தாயின் ஹார்மோன்களால். அதைப் பிதுக்கவே கூடாது, பிதுக்கினால் சீழ்க்கட்டி ஏற்படும். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் சிறிது இரத்தக் கசிவு, முதுகில் நீலத்திட்டு, முதல் சில நாட்களில் எடை குறைந்து இரண்டு வாரத்துக்குள் மீள்வது எல்லாம் இயல்பே. தொப்புள்கொடியில் எதையும் பூச வேண்டாம். அடிப்பகுதி சிவந்தாலோ சீழ் வடிந்தாலோ காட்டுங்கள்.

வயிற்றுப்போக்கிலும் மூச்சு பேசும். உடலின் நீர் வெகுவாக வற்றிய குழந்தை, நுரையீரலில் நோயின்றியே வேகமாக மூச்சுவிடும். கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லவே திரும்பும். அந்நிலைக்குப் போகாமல் காப்பது ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம் ஒன்றை முழுமையாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை டம்ளரில் கலக்கினால் உப்பு மிகுந்து தீங்காகும். அதனோடு மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றுவிட்டாலும், 14 நாட்களும் கொடுங்கள்.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றுக்கு எதிரான பி.சி.வி. ஊசி 2021 முதல் தமிழகத்தில் அரசு மையங்களில் இலவசமாகவே போடப்படுகிறது. அதற்குரிய காலம் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்து திரும்பும்போது இரண்டாவது தவணை விடுபட்டுப்போவதை அடிக்கடி காண்கின்றோம்.

இரவில் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் விடியட்டும் என்று இருக்காமல் 108ஐ அழையுங்கள். எண்ணிய நேரத்தையும் எண்ணையும் ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். "ராத்திரி 11 மணிக்கு 54, 2 மணிக்கு 62" என்ற ஒரு வரி எங்களுக்குப் பெரிதும் உதவும். பச்சிளங்குழந்தையாக இருந்தால் தாயின் வெற்று மார்போடு அணைத்து, தலைக்குக் குல்லாயிட்டு, மேலே போர்த்திக் கொண்டு வாருங்கள். நன்றாக உறிஞ்சிக் குடிக்கும் குழந்தைக்கு வழியில் பால் கொடுக்கலாம். மூச்சு வாங்குவதால் குடிக்க இயலாத குழந்தையின் வாயில் சங்கிலோ பாலாடையிலோ எதையும் ஊற்ற வேண்டாம்.