பவுன்சருக்குப் பயந்து மகனை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. தோட்டத்தில் மென்பந்து ஆடி வளர்ந்தவன். தம்புள்ளை மைதானத்தில் ஒரு போட்டி பார்த்துவிட்டு வந்து, பாடசாலையின் கடினப்பந்து அணியில் சேர்ந்துவிட்டான். போன வாரம் எகிறி வந்த பந்து பட்டுத் தோள் வீங்கிவிட்டது. அடுத்தது தலையில் பட்டால்? ஆட வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?
– ஒரு தாய், உக்குவளை

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. உங்கள் பயம் நியாயமானதுதான். 1975 உலகக் கிண்ணப் போட்டியில், ஓவல் மைதானத்தில், அவுஸ்திரேலியாவின் ஜெஃப் தாம்சன் வீசிய பந்து, நம் துடுப்பாட்டக்காரர் துலிப் மெண்டிஸின் தலையைத் தாக்கியது. நம் சுனில் வெத்தமுனியின் பாதத்தையும் அவரது பந்து பதம்பார்த்தது. இருவரும் வைத்தியசாலைக்குப் போனார்கள். தலைக்கவசம் இல்லாத காலம் அது. அதே மெண்டிஸ்தான் 1984இல் லோர்ட்ஸில் இங்கிலாந்தின் இயன் போத்தமின் பவுன்சர்களை ஹூக் செய்து சிக்சர்களாக்கி, இரண்டு இன்னிங்ஸிலும் 111, 94 எடுத்தார்.

மென்பந்திலிருந்து வரும் பிள்ளைகள் பலர், பந்து எழும்பியதும் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பந்தைவிட அதுவே ஆபத்து. பிடரி வெளியே தெரிந்துவிடும். 2014இல் சிட்னியில் அவுஸ்திரேலியத் துடுப்பாட்டக்காரர் பிலிப் ஹியூஸின் உயிரைப் பறித்த அடி, தலைக்கவசத்துக்குக் கீழே கழுத்தில்தான் விழுந்தது. கிட்ட நின்று டென்னிஸ் பந்தை நெஞ்சுக்கு மேலே எறியச் சொல்லுங்கள். துடுப்பே இல்லாமல், கடைசி வரை பந்தைப் பார்த்தபடி விலகிப் பழகட்டும். அடுத்து, துடுப்போடு நின்று கையைத் தாழ்த்திப் பந்தை விடப் பழகட்டும். ஹூக் அடிக்க இப்போது அவசரமில்லை.

அணியின் பையில் கிடக்கும், ஆட்டம் காணும் கவசத்தை வாங்கிப் போட்டுக்கொள்ள விடாதீர்கள். அவன் தலைக்குப் பொருந்த வேண்டும். முகக் கம்பிகளுக்கு இடையே பந்து நுழையக் கூடாது. கழுத்துக் காப்பும் வேண்டும்.

கிரிக்கெட் சட்டமும் அவன் பக்கம் இருக்கிறது. எகிறும் பந்து ஆபத்தானதா என்பதை, எதிரே நிற்பவரின் திறமையைப் பார்த்தே நடுவர் முடிவு செய்ய வேண்டும். கவசம் போட்டிருக்கிறார் என்பது கணக்கில் வராது. முதல் தடவை நோ-போல், கூடவே எச்சரிக்கை. மறுபடியும் அப்படி வீசினால் அந்த இன்னிங்ஸில் அந்தப் பந்துவீச்சாளர் மீண்டும் பந்துவீச முடியாது. பாடசாலை ஆட்டங்களில் நடுவர்கள் இதற்குத் தயங்கவே கூடாது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தலையில் பட்டால், "ஒன்றுமில்லை அம்மா" என்று அவன் சொன்னாலும் அன்று மீண்டும் ஆட விடக் கூடாது. வாந்தி, மயக்கம், தடுமாற்றம், குறையாத தலைவலி என எது வந்தாலும் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.