பயணக் காப்பீடு: அப்பா கேட்ட கேள்வி



தொழிற்சாலை பார்வையிட ரயிலில் பெங்களூரு கிளம்பியபோது, காட்டுப்பாக்கம் வீட்டில் அப்பா கேட்டார்: "வழியில ஏதாவது ஆச்சுன்னா யாருடா பொறுப்பு?" பதில் தெரியவில்லை. வந்தபிறகு படித்தேன்.

ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் எடுத்தால், ஒரு ரூபாய்க்கும் குறைவாகக் காப்பீடு உண்டு. 2016 செப்டம்பரில் வந்தது. ரயில் விபத்தில் உயிரிழந்தால் 10 லட்சம். மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை. நாமினி பெயரை மறக்காமல் பதியுங்கள். கவுண்டர் டிக்கெட்டுக்கு இது கிடையாது. நாங்கள் எடுத்ததோ கவுண்டர் டிக்கெட்!

ஆனாலும் 1989 ரயில்வே சட்டப்படி, டிக்கெட் எடுத்த பயணி விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 8 லட்சம் நஷ்டஈடு உண்டு. ஓராண்டுக்குள் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யணும். டிக்கெட்தான் சாட்சி, பத்திரமாக வையுங்கள்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "படிச்சதுக்கு இதாவது தெரிஞ்சுதே" என்றார்.