பெரியப்பா இருக்கும்போதே பட்டாவைப் பாருங்கள்

எங்கள் ஆயா திருத்தணி பக்கத்துக் கே.ஜி.கண்டிகைத் திண்ணையை விட்டு இறங்காமலேயே மாநிலம் மாறியவள். பிறந்தபோது சென்னை மாகாணம், சித்தூர் ஜில்லா. 1953-ல் ஆந்திரா. 1956-ல் அதுவே ஆந்திரப் பிரதேசம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் எல்லைக்காகப் போராடியதில், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம் பக்கம் வந்தது. முதலில் செங்கல்பட்டு மாவட்டம், 1997-லிருந்து திருவள்ளூர். "எவன் ஆண்டா இன்னா, கெணத்துல அதே தண்ணிதான்" என்பாள் ஆயா. தண்ணீருக்குச் சரி. நிலத்தை அந்த நம்பிக்கையில் விட்டுவிடாதீர்கள்.

தாத்தா நிலம் வாங்கியது ஆந்திரா காலத்தில், பத்திரம் தெலுங்கில். அவருக்குப் பின் அப்பாவும் பெரியப்பாவும் வாய்ப்பேச்சிலேயே பாகம் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றுப் பக்கம் அவருக்கு, கல்லும் முள்ளுமாக யாரும் சீண்டாத ரோட்டுப் பக்கம் எங்களுக்கு. எண்பதுகளில் நிலப் பதிவேட்டைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் வந்தபோது, மூத்தவர் என்று மொத்த நிலத்துக்கும் பெரியப்பா பேரில் பட்டா ஏறிவிட்டது. எங்கள் பங்குக்குக் கிஸ்தி கட்டியவர் அப்பா. ரசீது வந்தது அண்ணன் பேரில். அதைப் பார்த்தும் மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார் பாருங்கள், அங்கேதான் எல்லாம் போனது. ஒரே ஒரு தடவை வாய் திறந்து கேட்டாராம். "ஊருக்கே தெரியும், காகிதம் எதுக்குடா?" என்றாராம் பெரியப்பா. அந்த ஊர் பிறகு சாட்சி சொல்ல வரவில்லை.

பெரியப்பா காலமானார். ரோட்டோரம் மனை விலை ஏறியது. அவருடைய பிள்ளைகள் பட்டாவைக் காட்டி எங்கள் பக்கத்தில் ஒரு துண்டை விற்றுவிட்டார்கள். கல் நட ஆள் வந்தபோதுதான் எங்களுக்கே தெரியும்.

வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, அ-பதிவேடு நகல், கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு. இதெல்லாம் எல்லாரும் செய்வதுதான், நீங்களும் செய்வீர்கள். தெலுங்குப் பத்திரத்தை மட்டும் டீக்கடையில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். நகரியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைப் பிடித்து, வரிக்கு வரி தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். தாத்தா சொந்தப் பணத்தில் வாங்கியது என்பது அதில்தான் தெளிவானது. தாத்தா சொத்து என்றால் இரண்டு பிள்ளைக்கும்தானே?

"பங்காளிச் சண்டை வேணாம், முருகன் பாத்துப்பான்" என்றார்கள் உறவுக்காரர்கள். சொன்னவர்களில் பாதிப் பேர், அந்தத் துண்டை விற்ற கையோடு நடந்த கிடா விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். முருகன் பார்ப்பான், மறுக்கவில்லை. மனுவில் சர்வே நம்பரை நான்தானே எழுத வேண்டும்? புத்தாண்டில் வெள்ளைக்காரத் துரைகளுக்குச் சலாம் போட ஓடியவர்களை முதலில் முருகனைக் கும்பிட வைக்கத்தான் வள்ளிமலை சுவாமிகள் 1917-ல் திருத்தணி மலையில் படித் திருவிழாவைத் தொடங்கினார் என்பார்கள். டிசம்பர் 31 இரவு 365 படிக்கும் பூஜை நடக்கும். நானும் போவேன். பட்டா மனுவுக்காக அலைந்த காலத்தில் சலாமெல்லாம் முதலில் தாலுகா ஆபீசுக்குத்தான். துரை மாறியிருக்கிறார், அவ்வளவுதான். மலையில் பங்காளிகளும் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். நான் இரண்டு படி தள்ளி ஏற்றுவேன்.

விற்ற துண்டு போனதுதான். அங்கே வீடே வந்துவிட்டது. அதற்கான பணத்துக்கு வழக்கு நடக்கிறது, வரும் என்றே நினைக்கிறேன். மிச்ச நிலத்துக்கு உட்பிரிவாகி என் பேரில் பட்டா வந்துவிட்டது. உட்கார்ந்து பேசியிருந்தால் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்திருப்போம்.

போன மாதம் பெரியப்பாவின் சின்னப் பிள்ளை வீட்டுக்கு வந்தான். கிணற்றுப் பக்கத்தை வைத்துக் கடன் கேட்டிருக்கிறான். பேங்கில் மூலப்பத்திரம் வேண்டுமாம். "அண்ணா, அந்தத் தெலுங்குப் பத்திரம் ஒரு ஜெராக்ஸ் கெடைக்குமா?"

காபி கொடுத்தேன். பத்திரத்துக்கு, பதிவாளர் ஆபீசில் மனுப் போட்டு நகல் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.