பறக்கும் படை பிடிக்காத பிட்டு

சிவமயம்
நாட்டரசன்கோட்டை

அன்புள்ள உமையாளுக்கு,

உன் வகுப்புப் பிளஸ் ஒன் பிள்ளைகள் பிட்டு அடிப்பதைத் தடுக்கச் சோதனையைக் கடுமையாக்கலாமா என்று கேட்டிருந்தாய். பிள்ளையின் சட்டைப்பையைத் தடவுமுன் பள்ளிக்கூடம் எதைக் கொண்டாடுகிறது என்று பார், ஆத்தா. 2015 மார்ச்சில் பீகாரில் தேர்வு நடந்த கட்டடத்தின் சுவரில் ஆட்கள் தொற்றிக்கொண்டு சன்னல் வழியே பிட்டுக் கொடுத்த படத்தைப் பார்த்து நாடே சிரித்தது. அதே மாதம் நம் ஓசூரில், பிளஸ் டூ கணக்குத் தேர்வைக் கண்காணிக்க நின்ற தனியார் பள்ளி ஆசிரியர்களே வினாத்தாளைப் படம் பிடித்துச் சக ஆசிரியர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகக் கைதானார்கள். அங்கே சுவர் ஏறியவர்கள் உறவுக்காரர்கள். இங்கே பள்ளிக்கூடமே ஏறிவிட்டது. நம்மவர் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையன் கணக்கு எழுதக் கற்றது மேலாளின் கையைப் பார்த்துத்தான். மேலாள் கள்ளக்கணக்கு எழுதினால் பையனும் அதைத்தானே கற்பான்?

ஓசூர் நாலு பேர் செய்த குற்றம் என்று தள்ளிவிடலாம். பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்களே, அதை யாரும் குற்றமாகவே நினைக்கவில்லை. அது அவ்வளவு பரவியதால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மாநில ரேங்க் அறிவிப்பும் 2017இல் நின்றது. பள்ளி வாசல் ஃபிளக்ஸ்தான் நின்றபாடில்லை. மார்க் வந்தால் போதும், வந்த வழியைக் கேட்காதே என்ற பாடம் கால அட்டவணையிலேயே இருக்கும்போது பிள்ளை வேறு எதைக் கற்கும்?

1998இல் எரிக் ஆண்டர்மன் குழுவினர் அமெரிக்காவில் செய்த ஆய்வில், மதிப்பெண்தான் தங்கள் பள்ளிக்குப் பெரிது என்று எண்ணிய மாணவர்களிடம் காப்பியடிப்பது கூடுதலாக இருந்தது. காப்பியடிக்கிறவன் பழியைப் பள்ளிமேல் போடத்தானே செய்வான் என்பாய். நியாயமான கேள்விதான். ஆனால் 1928இலேயே ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் சுமார் 11,000 சிறார்களை, ஏமாற்றினால் தெரிந்துவிடும்படி அமைத்த தேர்வுகளில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றவில்லை. வகுப்புக்கு வகுப்பும் அது மாறியது. பிறவிக் குணம் மட்டுமென்றால் இப்படி மாறாது.

கெடுபிடியால் பயனே இல்லையா என்றால், உண்டு. 1992இல் உத்தரப் பிரதேசம் காப்பியடிப்பதைக் கைதுக்குரிய குற்றமாக்கியபோது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 15 விழுக்காட்டைத் தொடவில்லை. எத்தனை பிள்ளைகள் படிக்காமலே மேலே தள்ளப்பட்டிருந்தார்கள் என்பதைத்தான் அது காட்டியது. ஆட்சி மாறியதும் சட்டமும் போயிற்று. பள்ளிமேலும் பழி உண்டு என்பதற்காகப் பிட்டு அடித்தவனைக் கண்டிக்காமல் விடாதே. அதே வகுப்பில் தெரியாத கேள்வியை வெறுமையாக விட்டுவந்த பிள்ளையும் இருக்கிறதே, அதற்கு என்ன பதில் சொல்வாய்?

மார்க்கை வகுப்பில் உரக்க வாசிக்காதே. தப்பாகப் போட்ட கணக்கைப் பலகையில் போட்டு எங்கே பிசகியது என்று பேசு. தப்பை மறைக்க வேண்டாத வகுப்பில் பிட்டுக்கு வேலை குறைவு. நூறு சதவீதத் தேர்ச்சிக்காக மந்தமான பிள்ளையை டி.சி. கொடுத்து அனுப்பலாமா என்று பேச்சு எழுந்தால் மாட்டேன் என்று சொல். இதுதான் உனக்குச் சிரமமாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாருக்கும் வாய் எழாது. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்றாகிவிட்டது. பிளஸ் டூ புத்தகத்தை இப்போதே எடு என்று மேலேயிருந்து சொல்வார்கள். நீ பிளஸ் ஒன் புத்தகத்தைக் கடைசிப் பாடம் வரை நடத்து.

அன்புடன்,
பெரியப்பச்சி